அது சண்டைக்கு வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,
விடியும் முன்பே கொல்லையில் ஒரு குருவி பாடுகிறது. கறுப்பு வெள்ளை, வாலைத் தூக்கியே வைத்திருக்கிறது. செயலி சோலைபாடி என்கிறது. அதன் பாட்டைப் பதிவு செய்து போனில் ஒலிக்கவிட்டேன், உடனே கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது! படம் இணைத்திருக்கிறேன். சோலைபாடிதானா? எந்த லென்ஸ் வாங்கலாம்?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸை விடுங்கள், இருப்பதே போதும். படத்தில் வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக வெள்ளைப் பட்டை. குண்டுக்கரிச்சான், ஆண். சோலைபாடிக்கு வயிறு செம்பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் அடிமுதுகு வெள்ளை, வாலும் நல்ல நீளம். மூங்கிலும் புதரும் அடர்ந்த காட்டின் அடியிருட்டில் இருக்கும், கொல்லைக்கு வருவது அபூர்வம். இரண்டும் நெருங்கிய சொந்தம், இரண்டுமே பிற பறவைகளின் குரலைத் திருடிப் பாடும் என்பதால் காதை மட்டும் நம்பினால் நானும்கூட ஏமாறுவேன்.

சரி, அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ஆச்சரியக்குறி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. அது உங்கள் மேல் பிரியப்பட்டு வரவில்லை ஐயா, சண்டைக்கு வந்தது. இனப்பெருக்க காலத்தில் ஆண் பாடுவதே 'இது என் இடம்' என்று சொல்லத்தான்; தன் எல்லைக்குள் இன்னொரு ஆணின் குரல் கேட்டால் தீனியை விட்டுவிட்டு ஓடிவரும். தென்கிழக்காசியாவில் கூண்டு வியாபாரத்துக்காகச் சோலைபாடிகளைப் பிடித்துப் பிடித்தே பல காடுகளை ஊமையாக்கிவிட்டார்கள், அங்கே பிடிப்பவனிடமும் இதே உபாயம்தான், பாட்டைக் காட்டிப் பாடுகிறவனை வரவழைப்பது. நீங்கள் பிடிக்கவில்லை, படம்தான் எடுத்தீர்கள், தெரியும். ஆனால் குருவிக்கு அது தெரியாதே.

இவ்வளவு கோபப்படுகிறேனே, நானும் செய்தவன்தான். ஒரு காலையில் கல்லின் மேல் டேப் ரிக்கார்டரை வைத்தேன். ஒரு குண்டுக்கரிச்சான் வந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பின்னால் போய்ப் பார்த்தது, அடியில் எட்டிப் பார்த்தது. எதிரி இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். அப்புறம்தான் வேலியில் இன்னொன்று இருப்பது கண்ணில் பட்டது. கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல், பெண். வாயில் புழு. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்ததே தவிர, சுவரில் இருந்த பொந்துக்குப் போகவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நகரும்வரை அந்தப் புழு அதன் அலகிலேயே இருந்தது.

நாளைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். அது பாடும் கிளை பெரும்பாலும் ஒன்றேதான், தானாக வரும். கூட்டைப் பெரும்பாலும் கட்டுவதும், அடைகாப்பதும் அந்தச் சாம்பல்நிறக்காரிதான். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்த்தீர்களா, இல்லையா?