அந்தமானில் இருந்து திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது

அன்புள்ள மேடம்,

எனக்கு 26 வயது. ஊர் திண்டுக்கல் பக்கம். தை மாதம் கல்யாணம் ஆனது. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். நிச்சயத்துக்குப் பிறகு போனில் பேசிப் பழகினோம். அவர் நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் கல்யாணப் பரிசாக அந்தமான் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார். மறுவீடு முடிந்த கையோடு சென்னையில் விமானம் ஏறினோம். முகூர்த்தத்தன்று தூரம் வந்துவிடக் கூடாது என்று அம்மா மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார். தேனிலவுக்கும் சேர்த்து அதையே தொடர்ந்து போட்டேன். வயிறு உப்பிக்கொண்டது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் வாந்தி வேறு. ரிசார்ட்டில் கட்டில் முழுக்க ரோஜா இதழ் தூவி, துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் உதறியது.

அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அறைக்கு வந்துவிட்டால் விடியும்வரை நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் நெருங்கினாலே என் உடம்பு இறுகிவிடும். நான் வேண்டுமென்று செய்வதில்லை. ஒருமுறை முயன்றபோது சுவரில் முட்டியது போல இருந்தது, தாங்க முடியாத எரிச்சல். அவர் உடனே விலகி, "பரவாயில்லை, தூங்கு" என்றார். மறுநாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாள் அவருக்கும் முடியாமல் போனது.

பகலில் நன்றாகத்தான் இருந்தோம். எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கலிங் போனோம். எனக்கு நீச்சல் தெரியாது. கூட்டிப்போன பையன் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, முகத்தை மட்டும் நனைத்து வாயால் மூச்சுவிடப் பழக்கினான். "பயமா இருந்தா கையைத் தட்டுங்க, தூக்கிடுவேன்" என்றான். அப்படியும் இரண்டு தடவை தட்டினேன். அவர் என் இன்னொரு கையை விடவே இல்லை. அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் சிரித்ததே கிடையாது.

இப்போது ஊருக்கு வந்து பேச்சே குறைந்துவிட்டது. நான் தூங்கிய பிறகுதான் அவர் படுக்க வருகிறார். "என்னைப் பிடிக்காமத்தான் கட்டிக்கிட்டியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அத்தை மாதாமாதம், "இந்த மாசமும் குளிச்சுட்டியா?" என்கிறார். என் உடம்பில்தான் குறையா? நானே விலகிவிட்டால் அவருக்கு நல்லதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புத் தங்கைக்கு,

விலகுவதைப் பற்றிய யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது சரிசெய்யக்கூடிய ஒன்று. இதை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் ஒரே அறையில் தள்ளித் தள்ளிப் படுத்துவிட்டு, குழந்தை இல்லை என்ற பேச்சு வந்த பிறகே வெளியே சொல்கிற தம்பதிகள் உண்டு. நீங்கள் சீக்கிரம் எழுதியதில் எனக்கு நிம்மதி.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெஜைனிஸ்மஸ் என்ற நிலையோடு பொருந்துகின்றன. வலிக்கப்போகிறது என்ற பயத்தில் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்பு அடித்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. இறுகிய இடத்தில் முயன்றால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி மனதில் நின்று அடுத்த முறை இன்னும் இறுக்குகிறது. கணவரை மனதாரப் பிடித்த பெண்களுக்கும், ஆசை உள்ள பெண்களுக்கும் இது வருகிறது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

அவருக்கு ஒருநாள் முடியாமல் போனதும் வியாதி அல்ல. மனைவிக்கு வலிக்குமோ என்று பதறும் நேரத்தில் ஆண் உடம்பு ஒத்துழைக்காது. அவர் தாமதமாகப் படுக்க வருவதற்கு கோபம் காரணமாக இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு முறை தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருக்கலாம்.

தேனிலவை நாம் ஏற்பாடு செய்கிற விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பல நாள் தூக்கமில்லை, விடியற்காலை முகூர்த்தம், விருந்து, மறுவீடு, உடனே விமானம், படகு. அதற்குமேல் மாத்திரை. மாதவிலக்கைத் தள்ளிப்போட வழக்கமாகத் தருவது நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். உப்புசம், குமட்டல், மனச்சோர்வு எல்லாம் அதன் தெரிந்த பக்கவிளைவுகள்தான். உங்கள் வலிக்கு அது காரணம் அல்ல, ஆனால் அழுகைக்கு அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ரத்தக்கட்டு, கல்லீரல் பிரச்சினை இருந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால், இனி டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் மட்டும் நம்முடையதே, அதனால் அங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. ஓய்ந்துபோன இரண்டு பேருக்கு அவ்வளவு நீளமான இரவும், அலங்கரித்த கட்டிலும், 'இங்கேயே நடந்தாக வேண்டும்' என்ற எண்ணமும் சேர்ந்தால் உடம்பு எப்படித் தளரும்?

சரி, இனி என்ன செய்வது? முதலில் இருவரும் பேசி, சில வாரங்களுக்கு உடலுறவு முயற்சியே கிடையாது என்று முடிவெடுங்கள். "இன்றைக்காவது" என்ற எதிர்பார்ப்பு போனால்தான் பக்கத்தில் படுப்பதே சுகமாகும். அப்புறம் தொடுதலை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதற்கு மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970 வாக்கில் வகுத்த படிமுறை இன்றும் பயன்படுகிறது. முதல் கட்டத்தில் கை, தலை, முதுகு மட்டும். மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. ஒருவர் தொட, மற்றவர் எது இதமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது இயல்பான பிறகே அடுத்த கட்டம்.

எலிஃபண்ட் பீச்சில் அந்தப் பையன் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இதேதான். ஆழத்துக்கு இழுத்துப் போகவில்லை. நிற்க முடிகிற தண்ணீரில் தொடங்கினான், மூச்சைப் பழக்கினான், நிறுத்தும் உரிமையை உங்கள் கையில் கொடுத்தான். படுக்கையிலும் அப்படி ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டினால் அவர் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அவர் அப்படி நடப்பார் என்றே நம்புகிறேன், முதல் இரவிலேயே விலகிப் படுத்தவர் அல்லவா?

அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் கணவருடையது. "அம்மா, கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு இருக்கோம், அவளைக் கேட்காதீங்க" என்று மகன் சொன்னால் போதும். உங்கள் படுக்கையறை விஷயம் அத்தைக்கும், உங்கள் அம்மாவுக்கும், அண்ணனுக்கும் தெரிய வேண்டியதில்லை.

இதற்கிடையில் ஒரு பெண் மகப்பேறு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள், இருவரும் சேர்ந்தே போங்கள். நோய்த்தொற்று, வறட்சி, கன்னிச்சவ்வு தடிப்பாக இருப்பது போன்ற காரணங்கள் இல்லை என்று அவர்தான் உறுதி செய்ய வேண்டும். உள்பரிசோதனைக்குப் பயமாக இருந்தால், "இன்றைக்கு வேண்டாம், பேசிவிட்டு இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதை மறுக்காதவரே உங்களுக்கு ஏற்ற டாக்டர். "நாலு நாள் பொறுத்துக்கிட்டா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், வேறு டாக்டரிடம் போங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு முயன்றால் இந்த இறுக்கம் இன்னும் அதிகமாகும். தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், சிறிதிலிருந்து பெரிதாக உள்ளே வைத்துப் பழக்கும் டைலேட்டர் என்ற வழவழப்பான குழல்களும் இதற்கான சிகிச்சையில் உண்டு. இடுப்புத்தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் அல்லது பாலியல் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் வழிகாட்டுவார். அதுவரை மனது கனமாகும் இரவுகளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள்.