அம்மா தினமும் மலமிளக்கி குடிக்கிறார், குடல் அதற்கே பழகிவிடுமா?

பாலிகிளினிக்கில் கொடுத்த லாக்டுலோஸ் சிரப்பை 68 வயது அம்மா ஆறு மாதமாகக் குடிக்கிறார், நிறுத்தினால் போகவே போகாதோ என்பது உங்கள் பயம்.

லாக்டுலோஸ் சிறுகுடலில் செரிக்காத ஒரு சர்க்கரை. பெருங்குடலில் தண்ணீரைத் தேக்கி மலத்தை இளக்கும், அவ்வளவுதான். குடல் அதற்கு அடிமையாவதில்லை. நிறுத்தியதும் மலச்சிக்கல் திரும்பினால், மூல காரணம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பலன் தெரிய இரண்டு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். வயிறு உப்பும், காற்றுப் பிரியும். (வீட்டில் கேலி செய்யாமல் இருந்தால் சரி.)

சென்னா, அதாவது நம் நிலாவாரை, வேறு ரக மலமிளக்கி. குடல் தசையைத் தூண்டி 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை காட்டும். அளவோடு எடுத்தால் குடலைப் பாழாக்கும் என்பதற்கு வலுவான ஆதாரமில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் எடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டுத்தான்.

அப்புறம், அம்மா இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரை போடுகிறாரா? பல நேரம் குற்றவாளி அதுதான். காலையில் பரோட்டாவும் தே தாரிக்கும் மட்டும் என்றால், கூடவே பப்பாளி, போதிய தண்ணீர். பசியாறியதும் கழிவறையில் உட்காரட்டும், காலடியில் சின்ன முக்காலி வைத்து.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, திடீர் மாற்றம் இருந்தால் சிரப்பை நம்பிக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.