தொய்யும் இறக்கைக் கம்பிகள்

கேள்வி: 1/48 அளவு டைகர் மாத் (ஈரடுக்கு இறக்கை விமானம்) மாடலில் இறக்கைகளுக்கு நடுவே கம்பிகளாகத் தூண்டில் நரம்பு கட்டினேன். மழைக்காலத்தில் தொய்கிறது, சூப்பர் க்ளூ வைத்த இடமும் வெளுக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். ஐப்பசிச் சென்னையில் தொய்யாமல் இருந்தால்தான் அதிசயம்! ஊதுபத்திக் கனலை 1 செ.மீ. தள்ளிக் காட்டுங்கள், நரம்பு சுருங்கி விறைக்கும். பட்டால் அறுந்துவிடும்.

புதிதாகக் கட்டுவதானால் செம்பே மேல். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் 14/38 ஒயர் (38 கேஜ் இழைகள் 14 கொண்டது) வாங்கி உரித்தால் சுமார் 0.15 மி.மீ. இழைகள் கிடைக்கும். ஓர் இழையைக் கண்ணாடி மேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் உருட்டினால் நேராகும். நீளத்தை டிவைடரால் அளந்து, மயிரிழை குறைத்து வெட்டிப் பொருத்துங்கள். இழுத்துக் கட்ட வேண்டாம், இறக்கையும் வளையாது.

வெளுப்பு, பசையின் ஆவி ஈரக்காற்றில் இறுகிப் படிவது. ஊசிமுனையளவு பசை, உலரும்வரை ஃபேன் காற்று போதும்.