நெட்வொர்க்கிங்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சென்னிமலைக்குப் பக்கத்தில், கீழ்பவானிப் பாசனத்தில் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஐடி துறைக்கு மாறுவதற்காக நெட்வொர்க்கிங் படித்துவருகிறேன். நெட்வொர்க் வேலை செய்வதை ஏழு மட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகள் ஏழும் மனப்பாடம். ஆனால் கோவையில் நடந்த ஒரு நேர்முகத் தேர்வில், "ஊழியர் ஒருவர் நெட் வரவில்லை என்று ஃபோன் செய்தால் முதலில் என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டார்கள், எனக்குப் பதில் வரவில்லை. பெரிய தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார்கள். சேரலாமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்களிடம் கேட்கப்பட்டது சரியான கேள்வி. ஹெல்ப் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட், நெட்வொர்க் கண்காணிப்பில் எல்1 (முதல் நிலை) என்று புதியவர்களை எடுக்கும் பணிகளில் அன்றாட வேலையே அதுதான்: எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது, எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏழு அடுக்குகளை நீங்கள் படித்தது வீணல்ல. ஆனால் தேடும் வழியாகப் படிக்காமல் பட்டியலாகப் படித்திருக்கிறீர்கள். ஓஎஸ்ஐ மாதிரி, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலையாக வெளிவந்தது 1984இல். அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், கணினிகள் தகவல் பரிமாறும் விதிமுறைகளான டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. இன்றைய இணையமும் அதில்தான் ஓடுகிறது. கோளாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் பேசிக்கொள்ளவும்தான் ஏழு அடுக்குகள் நமக்கு உதவுகின்றன.

வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் உங்கள் ஊரில் யாரும் நேராகப் பவானிசாகருக்கு ஓட மாட்டார்கள். தம் மடையில் தொடங்கி, கிளை வாய்க்கால், மதகு என்று கரையோடு மேலேறிப் பார்த்துக்கொண்டே போவார்கள். இங்கேயும் அதே ஒழுங்குதான்.

"நெட் வரலீங்க" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மட்டுமா, அந்த அறையில் எல்லோருக்குமா என்று முதலில் கேளுங்கள். அடுத்து, கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள்; கணினியின் ஐபி முகவரியைக் காட்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் விண்டோஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட முகவரி அது. பிரௌசரை மூடித் திறந்து பயனில்லை, அந்தக் கணினிக்கும் டிஹெச்சிபி சர்வருக்கும் இடையில்தான் தேட வேண்டும். 192.168.1.25 போல முறையான முகவரி இருந்தால், அதே திரையில் தெரியும் டீஃபால்ட் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரை, பிங் செய்யுங்கள்; பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை அது. கேட்வே பதில் தந்தால் அடுத்து, இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரி. அதுவும் பதில் தந்து, இணையதளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால், சந்தேகம், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மேல் போக வேண்டும். என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளை அதை உறுதிசெய்யும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம் என்பதால், பதில் வராததை மட்டும் வைத்து எதிர்முனை செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இந்த ஒவ்வொரு படியிலும் "ஏன்" என்று கேட்டுக்கொண்டு போனால் ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய கருவியைக் கண்டறிவது), ரவுட்டிங் (பாதை தேர்வது), நாட் (முகவரியை மாற்றி அனுப்புவது) எல்லாம் தாமாகவே படிப்புக்குள் வந்துவிடும். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கை மட்டும் தனியாக உட்கார்ந்து, கால்குலேட்டர் இல்லாமல், பேப்பரில் போட்டுப் பழகுங்கள். ஸ்லாஷ் 24 (/24) என்று குறிக்கும் நெட்வொர்க்கில் 256 முகவரிகள், அவற்றில் கருவிகளுக்குத் தரக்கூடியவை 254; அதை நான்காகப் பிரித்தால் ஸ்லாஷ் 26, பகுதிக்கு 62. உங்கள் கம்பெனியையே கணக்காக எடுத்துக்கொண்டு, அலுவலகம், கட்டிங் செக்ஷன், சிசிடிவி கேமராக்கள், கைரேகை வருகைப்பதிவு என்று தாளில் பிரித்துப் பாருங்கள். கட்டிங் செக்ஷன் தள்ளி இருந்தால், ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் நடுவில் ஸ்விட்சோ ஃபைபரோ வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே புரிந்துவிடும்.

பயிற்சி மையத்தில் இப்போது சேர வேண்டாம் என்பதே என் கருத்து. நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ஸ்விட்சும் ரவுட்டரும் வாங்காமலே வீட்டில் நெட்வொர்க் கட்டிப் பழகலாம். நெட்வொர்க்கில் ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் நெட்வொர்க் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சில மாதங்கள் இப்படிப் படித்த பிறகு, சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வின் பாடத்திட்டத்தைப் பார்த்து, எந்தப் பகுதி தனியாகப் புரியவில்லையோ அதற்கு மட்டும் ஆசிரியரைத் தேடுங்கள். தேர்வுக் கட்டணமே கணிசமான தொகை. சேமிப்பு அதற்கு மிஞ்ச வேண்டும். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தை அறவே தவிருங்கள்.

கோவையில் ஐடி நிறுவனங்கள் இருக்கும் சரவணம்பட்டியும் அவிநாசி சாலை டைடல் பார்க்கும் மட்டும் இலக்காக இருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சிஸ்டம் அட்மின் தேவைப்படுகிறார். சர்வரில் இருக்கும் டேலி டேட்டா ஒரு கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால், அது நெட்வொர்க் கோளாறா, ஃபோல்டருக்கான அனுமதிக் கோளாறா என்று பிரித்துச் சொல்வதில், கணக்கு தெரிந்த நீங்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பீர்கள். இதை அடுத்த நேர்முகத் தேர்வில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பழகுவதெல்லாம் வீட்டு ரவுட்டரிலும் பாக்கெட் டிரேசரிலும் இருக்கட்டும். முதலாளியின் அனுமதி இல்லாமல் கம்பெனி நெட்வொர்க்கில் வயர்ஷார்க்கை ஓட்டாதீர்கள். தொடக்கச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம், இரவு ஷிப்டும் வரலாம். வேலையை விடும் முன் வீட்டில் இவ்விரண்டையும் பேசி முடிவுசெய்யுங்கள்.