அடிபட்ட குதிரை குழந்தைக்கு எப்படி உதவும்?

யாரிடமும் பேசாத தன் மகனுக்கு, கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட குதிரை எப்படி உதவும் என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

குதிரை, வேட்டைக்குப் பயந்தே வாழ்ந்த இனம். எதிரில் நிற்பவரின் பதற்றம் அதற்குச் சட்டென்று தெரிந்துவிடும். காதைப் பின்னால் மடக்கி விலகும். நாம் நிதானமானால் தலையைத் தாழ்த்தி அருகில் வரும். அடியும் பசியும் பார்த்த குதிரை மெதுவாகத்தான் நம்பும். அதனால் பிள்ளை பேசவே வேண்டாம், அமைதியாக நின்றாலே பதில் கிடைக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவின் ஓரிகனில் 1995-ல் தொடங்கிய கிரிஸ்டல் பீக்ஸ் பண்ணையில் இப்படி மீட்ட குதிரைகளோடு குழந்தைகளைப் பழக விடுகிறார்கள்: ஒரு குழந்தைக்கு ஒரு குதிரை, ஒரு வழிகாட்டி, கட்டணம் இல்லை.

சரி, சவாரிக்கு அவசரப்படாதீர்கள். குதிரை பழகியவர் துணையோடு, முதலில் பக்கவாட்டில் நின்று கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும். பின்பக்கம் போக வேண்டாம். மருத்துவரிடம் காட்டுவதையும் நிறுத்திவிடாதீர்கள்.