துண்டும் தகரமும்

கேள்வி: பாடசாலையில் தேயிலைத் தோட்ட வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து தகரத் துண்டு, பழைய துண்டுக் கடிதம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் வந்திருக்கின்றன. துருவைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? தொல்பொருள் திணைக்கள அனுமதி வேண்டுமா?
– ஆசிரியை, அட்டன்

பதில்: புளியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. தகரத்தில் துருவோடு சேர்த்து உலோகத்தையும் அரித்துவிடும், பொறித்த எண் மங்கிவிடும். எண் போனால் மிஞ்சுவது வெறும் தகரம். காய்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். எண் தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படமெடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். அட்டன் ஈரத்துக்குத் திறந்த மேசை ஆகாது.

கடிதத்தை லெமினேட் பண்ண வேண்டாம். நல்லெண்ணத்தில் பலரும் செய்வதுதான், ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் கூடவே கிழியும். காட்சிக்கு நகல் போதும்.

தகரத்துக்கும் கடிதத்துக்கும் 'துண்டு' என்று ஒரே பெயர்ப்பலகை போடாதீர்கள். தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்த தகரம், இந்தியாவிலிருந்து வரும் வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்ற உதவியது. தாள் துண்டு, தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன சீட்டு. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. அந்தக் கடன் தொகையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அனுமதி விஷயம்தான் சுவையானது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் தேதி அது. கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து நம்மவர்கள் வந்து இறங்கியதோ அதற்குப் பிறகு. ஆகவே உங்கள் மேசையில் இருப்பவற்றுக்கு அந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை, பாதுகாப்பும் இல்லை. பழைய இரும்புக்காரர் கொண்டுபோனாலும் கேட்பாரில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் யார் தந்தது, எந்த லயம், என்ன அளவு என்று ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதி வையுங்கள். 1815 மார்ச் 2 என்ற அந்தத் தேதியையே ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டலாம்.

கேள்வி: தேயிலை மீள்நடுகைக்குக் குழி வெட்டும்போது பானை ஓடுகள் வந்தன. கண்காட்சிக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கூடாது. அவை 1815க்கு முந்தியவையாக இருக்கலாம். அந்தக் குழியை மேலும் வெட்டாமல், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்து, கிராம உத்தியோகத்தர் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஓட்டைக் கழுவவும் வேண்டாம். எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடந்தது என்பதை இன்றே குறித்து வையுங்கள். ஒரு மழை பெய்தால் குழியின் சுவர் சரிந்துவிடும்.