பழைய காருக்கு இறங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசிக்கு ஒரே விஷயம்தான்: இருக்கிற வண்டியைக் கொடுத்துவிட்டு, விலை குறைவான பழைய வண்டிக்கு மாறலாமா?

2021 மாடல் கார். மாதம் 13,500 ரூபாய் தவணை கட்டத் திணறுகிறேன். விற்றுவிட்டு 3 லட்சத்துக்கு 2014 மாடல் வாங்கினால் லாபமா? (ஈரோடு)

கடன் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அது தெரியாமல் லாபமா நஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் பேங்கில் ப்ரீகுளோஸ் தொகையை எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணமும் அதில் சேர்ந்திருக்கும்.

பேச்சுக்கு, வண்டி ஐந்தரை லட்சத்துக்குப் போகிறது, பாக்கி 4 லட்சம் என்று வைப்போம். கையில் நிற்பது ஒன்றரை லட்சம். மீதி ஒன்றரையைப் பழைய கார் லோனில் எடுத்தால் வட்டி 14, 15 சதவீதம் வரும்; மூன்று வருஷத்துக்கு மாதம் 5,000 சொச்சம். வருஷத்துக்கு ஒரு லட்சம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் 2014 வண்டி முதல் வருஷத்திலேயே டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் என்று அதில் பாதியைக் கேட்கும். எப்போதும் சொல்வதுதான்: வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்காமல் பழைய வண்டி பக்கம் போகாதீர்கள். அந்தப் பணம் இருந்தால் தாராளமாக மாறுங்கள். தவணை கழுத்தை நெரிக்கும்போது சின்ன வண்டிக்கு இறங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடன் அடைத்த கையோடு பேங்கில் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி.யை, அதாவது கடன் பதிவை, கேன்சல் செய்ய மறக்காதீர்கள்.

மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். பழைய டீசல் எஸ்.யூ.வி. மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருநெல்வேலி)

வேண்டாம். இந்த ஓட்டத்துக்கு டீசலில் மாதம் மிச்சமாவது ஐந்நூறு, அறுநூறு ரூபாய். ஒரு இன்ஜெக்டர் போனால் ஒரு வருஷ மிச்சமும் போச்சு. 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் என்றால் இன்னும் மோசம். தெருமுனை வரை போய்த் திரும்புகிற ஓட்டத்தில், புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். அடைத்துக்கொள்ளும்.

போன வருஷம் சொன்ன விலையை இப்போது என் சின்ன காருக்கு யாரும் தர மாட்டேன் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை குறைந்தால் பழையதும் கூடவே இறங்கும். நீங்கள் வாங்கப்போகும் வண்டியிலும் இதையே சொல்லிப் பேரம் பேசுங்கள்.

2009 மாடல், 90,000 ரூபாய்க்கு வருகிறது. டெல்லி மாதிரி இங்கேயும் நிறுத்திவிடுவார்களா? (சென்னை)

பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்ற கட்டுப்பாடு தலைநகர்ப் பகுதிக்கானது, நமக்கு இல்லை. ஆனால் 15 வருஷம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணமே 5,000. பசுமை வரி தனி. விற்பவரே புதுப்பித்துத் தரட்டும், பிறகு பணம் கொடுங்கள். "நீங்களே எடுத்துக்கோங்க சார், சுலபம்" என்றால், அந்தச் சுலபமான வேலையை அவர் ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள்.

புரோக்கரிடம் என் காரைக் கொடுத்து வேறு பழைய கார் எடுக்கிறேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போதும், ஆள் கிடைத்ததும் பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். நம்பலாமா? (மதுரை)

கூடாது. வாங்கப்போகும் வண்டியைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறீர்கள். கைவிட்டுப் போகிற வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2011-ல் நானே ஏமாந்தேன். ஒர்க்‌ஷாப்பில் சாமான் எடுக்க வைத்திருந்த ஆம்னி வேனைத் தெரிந்த புரோக்கரிடம் கொடுத்தேன். தேதி போடாமல், வாங்குபவர் பெயர் இல்லாமல், இரண்டு ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து கோர்ட் நோட்டீஸ் வந்தது. வேன் ஒரு சைக்கிள்காரரை மோதியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் காலாவதி. ஓட்டியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆர்.சி.யில் என் பெயர். புரோக்கர் போனை எடுக்கவில்லை. நான்கு வருஷம் வாய்தாவுக்கு அலைந்தேன். அடிபட்டவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

2018-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆகவே வாங்குபவரின் பெயர், விலாசம், தேதி எல்லாம் எழுதிய பிறகே கையெழுத்து. டெலிவரி கொடுத்த தேதியும் நேரமும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு ரசீது. அவருடைய ஆதார் நகல். ஃபாஸ்டேகைப் பிய்த்துக் கணக்கை மூடிவிடுங்கள். விலையில் ஒரு பத்தாயிரத்தைப் பெயர் மாறும்வரை உங்கள் பக்கம் நிறுத்துங்கள். பிறகு பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். மாறாதவரை அந்த வண்டி உங்களுடையதுதான்.

இத்தனை வருஷம் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் காரோடு போய்விடுமா? (கரூர்)

போகாது. நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த காரில் பயன்படுத்தலாம்.

ஓடியது 38,000 கிலோமீட்டர்தான் என்கிறார்கள், சென்னை வண்டி. எதைப் பார்ப்பது? (சேலம்)

மீட்டரை நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் தோல் பளபளத்தால் அது 38,000 ஓடிய வண்டி இல்லை. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டியைவிடப் புதிய டயர் என்றால், 38,000-க்குள் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரை வரிசையாக ஒப்பிடுங்கள்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தையும் சந்தேகப்பட வேண்டும். 2015-லும் 2023 மிக்ஜாமிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கு வந்தன. சீட் பெல்ட்டை அடிவரை முழுக்க இழுத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தில் காபி நிறத்தில் ஒரு கோடு தெரியும். விரலால் தேய்த்தால் மண் நெருடும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் ரெயிலில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் வண்டல் என்று இருந்தால், கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

2012 பேஸ் மாடல், ஏர்பேக் கிடையாது. மனைவி ஓட்டப் பழகுவதற்குத்தானே, போதாதா? (நாமக்கல்)

போதாது. பழகுகிறவருக்குத்தான் முதலில் வேண்டும். 2019-லிருந்துதான் ஏ.பி.எஸ்.ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) டிரைவர் ஏர்பேக்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயம். அதற்கு முந்தையதில் டாப் மாடலாகத் தேடுங்கள். முப்பதாயிரம் கூடினாலும் கொடுங்கள். போய்ப் பார்க்கும்போது சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.